தன்னையும் மறைக்கும் இருள்

12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். தமிழ்நாட்டு வீடுகளில் படுக்கையறைக்கு மிகவும் பழகிப்போன அளவு இது. பாட்டைப் பதிவதும், பதிந்ததை மிக்சிங் செய்வதும், நல்ல ஸ்பீக்கர் வாங்கி வைத்து ஊன்றிக் கேட்பதும் இன்று பலருக்கு இப்படியோர் அறையில்தான் நடக்கின்றன. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் ஓடுகிறது. 12 அடி என்பது 3.66 மீட்டர். அந்த இரு சுவர்களுக்கிடையே அலையின் சரிபாதி கச்சிதமாக அடங்கும் அதிர்வெண் 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு அது ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் இந்த 57 இரண்டு முறை வந்து ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கிறது. பேஸ் கிதாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. அதற்கு அரைச்சுரம் மேலே 58. வாசித்தவரின் விரல் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அறையும் கூடச் சேர்ந்து வாசிக்கிறது. சுவரோரம் உட்கார்ந்தவருக்கு அந்தச் சுரம் வீங்கிக் கேட்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தவருக்கு அதே சுரம் கிட்டத்தட்ட இல்லாமலே போகும். சுவர்களுக்கிடையே இப்படி நிலைத்து நிற்கும் அலைகளின், அதாவது நிலையலைகளின், அழுத்தம் நடுவில் சுழியமாகிவிடுகிறது. நாற்காலியை நகர்த்தினால் பாட்டின் அடித்தளமே மாறுகிறது.

இந்தக் கோளாறைத் தணிக்க மரச்சட்டமும் கனிமப் பஞ்சுப் பலகையும் துணியும் கொண்டு வீட்டிலேயே செய்து மூலைகளில் நிறுத்துவதுதான் பேஸ் ட்ராப். செய்வது தச்சு வேலை. ஆனால் அதைச் செய்ய வேண்டிவந்த காரணத்தை யோசித்துக்கொண்டே போனால் அறிவைப் பற்றிய மிகப் பழைய கேள்வி ஒன்று எதிரே வந்து நிற்கிறது. அறிபவன் இருக்கும் இடமே அவன் அறிவைக் கெடுக்கிறது என்றால், அதை அவன் எப்படிக் கண்டுகொள்வான்? கண்டுகொண்டால் எதைக்கொண்டு தீர்ப்பான்?

கேள்வியின் முதல் பாதியைத் தமிழில் மிகக் கூர்மையாகத் தொட்டவர் பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம். அவருடைய திருவருட்பயன் பத்து அதிகாரங்களில் நூறு குறட்பாக்கள் கொண்ட சிறு நூல். அதன் மூன்றாம் அதிகாரமான இருள்மலநிலை, உயிரின் அறிவை மறைக்கும் மலமான ஆணவத்தைப் பற்றியது. அங்கே அவர் கண்ணுக்குத் தெரியும் இருட்டையும் ஆணவத்தையும் அருகருகே வைத்து வேறுபாடு காட்டுகிறார். இருட்டு எந்தப் பொருளையும் காட்டாது, ஆனாலும் தான் இருப்பதைக் காட்டிவிடும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. இருட்டில் நிற்பவனுக்குத் தன் கண்ணை ஏதோ மறைக்கிறது என்பதாவது தெரியும். ஆணவத்துக்குள் இருப்பவன் தான் கண்டதே முழுமை என்று நம்பி நிற்பான். இந்தப் பாகுபாட்டை ஏற்க ஒருவர் சைவராக இருக்க வேண்டியதில்லை. அறிவுக்கு வரும் தடைகள் எல்லாவற்றையும் இந்த இரண்டு வகைக்குள் பிரித்துவிடலாம். ஒன்று தடையாகவே வரும். மற்றொன்று நாம் அறிய விரும்பிய பொருளின் வேடத்தில் வரும். முதல் வகைக்குப் பலிக்கும் மருந்துகள் இரண்டாம் வகைக்குப் பலிக்கமாட்டா என்பதும், இரண்டாம் வகைக்கு வேண்டிய மருந்தின் இயல்பே வேறு என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம். அறையின் ஒலியைச் சான்றாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. வேறு பல இடங்களில் ஊகித்துச் சொல்ல வேண்டிய மறைப்பை இங்கே எண்ணால் அளந்து காட்ட முடிகிறது.

தெருவில் போகும் லாரியின் ஹாரன், தலைக்கு மேல் மின்விசிறி, பக்கத்து வீட்டு மிக்ஸி ஆகியவை முதல் வகை. அவை பாட்டை மறைக்கும்போதே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. கேட்பவர் ஜன்னலைச் சாத்துவார், விசிறியை நிறுத்துவார். அறையின் ஒத்ததிர்வு இரண்டாம் வகை. அதற்குச் சொந்தமாக ஓர் ஓசை கிடையாது. தன் அதிர்வெண்ணை ஒட்டி எது வருகிறதோ அதைப் பெருக்கி நீட்டுவது மட்டுமே அதன் வேலை. அதனால் அது பாட்டின் சுரமாகவே காதில் விழுகிறது. சுரம் வீங்கினால், வாசித்தவர் அழுத்தி வாசித்துவிட்டார் என்று கேட்பவர் எண்ணுகிறார். மெலிந்தால், விரலில் வலுவில்லை என்கிறார். அறை செய்த குற்றம் ஆள்மேல் விழுகிறது. மிக்சிங் செய்பவராக இருந்தால் அவர் இதோடு நிற்க முடியாது, திருத்தியாக வேண்டும். தன் அறையில் 57 ஹெர்ட்ஸ் மிகுந்து கேட்பதால் அதைக் குறைத்துவைக்கிறார். அவர் அறையில் பாட்டு சமமாகிவிடுகிறது. அந்தப் பாட்டைக் கேட்கும் மற்ற எல்லா வீடுகளிலும் அதே இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. அவருடைய சுவர்களின் குறை தலைகீழாகி ஊரெல்லாம் போய்ச் சேர்கிறது. இதில் அவருடைய நேர்மையில் குறையில்லை, காதில் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. அவர் எவ்வளவு கூர்ந்து கேட்கிறாரோ அவ்வளவு துல்லியமாகத் தவறு பதிகிறது. இரண்டாம் வகைத் தடையின் கொடுமை இதுதான்: கவனத்தையே அது தன் கருவியாக்கிக்கொள்கிறது.

காது பழகிவிடுமே என்பது முதல் மறுப்பு. இது எளிதில் தள்ளக்கூடியதல்ல. அறையைக் கழித்துவிட்டு ஒலியைக் கேட்பதில் மனிதச் செவி உண்மையிலேயே வல்லது. நேரே வந்த பேச்சொலிக்குப் பின் சில பத்து மில்லிநொடிகளுக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் அதன் பிரதியைச் செவி தனி எதிரொலியாகக் கேட்பதில்லை, முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்கிறது என்பதை ஹெல்முட் ஹாஸ் என்ற ஆய்வாளர் 1949-இல் ஆய்ந்து காட்டினார். நாற்புறமும் சுவர் உள்ள வீட்டில் நாம் ஒருவரோடொருவர் சிக்கலின்றிப் பேச முடிவது இந்தத் திறத்தால்தான். ஆனால் இந்தத் திறம் முதலில் வந்ததையும் பின்னால் வந்ததையும் பிரிக்கும் அவகாசத்தைச் சார்ந்தது. 57 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை ஆடி முடிக்கவே பதினேழு, பதினெட்டு மில்லிநொடி ஆகிறது. அதற்குள் ஒலி ஆறு மீட்டர் ஓடி, பத்தடி அறையைப் போய்த் திரும்பி வந்துவிடுகிறது. ஸ்பீக்கர் ஒரு சுற்றைச் சொல்லி முடிக்குமுன்பே சுவர் மறுமொழி சொல்லத் தொடங்கிவிட்டது. பிரிப்பதற்குச் செவிக்கு இடமே இல்லை. நடுவில் விழும் பள்ளமோ இன்னும் ஆழமான சிக்கல். வராத ஒன்றைப் பழக்கத்தால் வரவழைக்க முடியாது. போதாக்குறைக்கு, அடிச்சுரம் காணாமற்போனாலும் அதன் மேல்மடங்குகள் வந்துகொண்டிருந்தால் மனம் அந்த அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. சின்னஞ்சிறிய வானொலிப் பெட்டியில் ஆண்குரலின் கனம் நமக்குக் குறையாகத் தெரியாதது இதனால்தான். ஆகவே அறையில் ஒரு துளை இருந்தாலும் அந்தத் துளை துளையாகத் தோன்றுவதில்லை. மறைப்புக்கு மனமே துணைபோகிறது. அனுபவமுள்ள பொறியாளர்கள் தங்கள் அறையைப் பழகி வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. அவர்கள் பழகிய வழியைப் பாருங்கள்: பாட்டைக் காரில் போட்டுக் கேட்டார்கள், நண்பர் வீட்டில் கேட்டார்கள், ஹெட்போனில் கேட்டார்கள். தன் அறைக்கு வெளியே போய்த்தான் தன் அறையை அறிந்தார்கள்.

இரண்டாம் வகைத் தடையை உள்ளிருந்தே கூர்ந்து கவனித்துக் கண்டுபிடிக்க முடியாது, வெளியே ஒரு சாட்சி வேண்டும். ஒலியியலின் வரலாறே இதற்குச் சான்று. 1432-இல் பிரான்சின் மெட்ஸ் நகரத்து மடாலயம் ஒன்றின் தலைவர், வேறொரு தேவாலயத்தில் பார்த்ததை நம்பி, பாடகர்கள் நிற்கும் பகுதியின் சுவர்களில் மண்பானைகளைப் பதிக்கச் செய்தார். பாட்டு நன்றாக ஒலிக்கும் என்பது எண்ணம். மடத்தின் வரலாற்றை எழுதியவர், பாட்டு முன்னைவிட மேம்பட்டதா என்று தமக்குத் தெரியவில்லை என்றே எழுதிவைத்தார். எண்ணம் மூடத்தனமானதல்ல, குறுகிய வாயுள்ள பானை குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணுக்கு அசைந்துகொடுக்கும் என்பதைப் பின்னாளில் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். பயன்பட்டதா இல்லையா என்று சொல்ல மெட்ஸில் வழியில்லை என்பதே அங்கே குறை. காதுகள் இருந்தன, அளவுகோல் இல்லை. 1895-இல் ஹார்வர்டில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேசுவது ஒன்றும் புரியவில்லை என்ற புகார் எழுந்தபோது, வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அங்கே சொன்ன சொல் அடங்க ஐந்தரை நொடி ஆயிற்று. பேசுபவரின் அடுத்தடுத்த சொற்களை மறைத்தது வெளி இரைச்சலல்ல, அவருடைய முந்திய சொற்கள்தாம். சபைன் ஊர் அடங்கிய இரவுகளில், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து கூட்டியும் குறைத்தும், ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஓசை முற்றும் அடங்கும் நேரத்தைக் கருவியால் அளந்தார். அறையின் கன அளவும் அது உறிஞ்சும் அளவும் சேர்ந்து அடங்கும் நேரத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்ற விதி அதிலிருந்து பிறந்தது. உறிஞ்சுதலுக்கு அவர் எடுத்துக்கொண்ட அலகு திறந்த ஜன்னல். பட்ட ஒலியைத் திருப்பி அனுப்பாமல் முழுதும் போகவிடுவது அது ஒன்றே என்பது அவர் கணக்கு. அந்த விதியைக் கொண்டு அமைக்கப்பட்ட பாஸ்டன் சிம்பனி ஹால் 1900-இல் திறந்தது. இன்று அளவெடுக்கும் மைக் ஒன்றும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் போதும். எந்த அதிர்வெண் எத்தனை மில்லிநொடி அடங்காமல் நிற்கிறது என்று திரையில் காணலாம். உயிர் தானே அறியாது, அறிவித்தால் அறியும் என்கிறது சைவ சித்தாந்தம். மைக்கைக் குருவாக்க வேண்டாம். ஆனால் தேவையின் வடிவம் ஒன்றுதான்: தன்னை மறைத்துக்கொள்ளும் தடையை அந்தத் தடைக்குள் அகப்படாத ஒன்றுதான் காட்ட முடியும்.

காட்டியாயிற்று, இனித் தீர்ப்பது எப்படி? திரையில் மேடும் பள்ளமும் தெரிந்தவுடன் கை போவது ஈக்வலைசருக்கு. மேட்டைக் குறை, பள்ளத்தை நிரப்பு. இரண்டாவது பெரிய மறுப்பும் இதுதான்: ஒரு பொத்தானால் ஆவதற்கு மரமும் பஞ்சும் எதற்கு? இதில் பாதி நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே ஓர் இருக்கைக்கு, தாழ்ந்த சுரத்தின் ஒரு மேட்டை ஈக்வலைசரால் நன்றாகவே தணிக்கலாம். ஆனால் நிலையலை இடத்துக்கு இடம் வேறு. ஓர் இருக்கையில் சரியானது அடுத்த இருக்கையில் புதிய பிழை. பள்ளத்தின் கதை இன்னும் தெளிவு. அந்த இடத்தில் சுவரிலிருந்து திரும்பும் அலை நேரே வரும் அலையை அழிப்பதால்தான் பள்ளம் விழுகிறது. ஸ்பீக்கரில் இரண்டு மடங்கு கொடுத்தால் திரும்பி வருவதும் இரண்டு மடங்காகும். அழிவும் இரண்டு மடங்கு. பள்ளம் பள்ளமாகவே இருக்கும், ஆம்ப்ளிஃபயர்தான் திணறும், மற்ற மூலைகளில் வீக்கம் கூடும். சரக்கைக் கூட்டிக் கொடுத்தால் குறை தீரும் என்ற நம்பிக்கை இங்கே எண்கணக்காகவே தோற்கிறது. அறிபவனின் இடத்தில் குறை இருக்கும்போது அவனுக்கு மேலும் மேலும் செய்தியைக் கொடுப்பதால் பயனில்லை. அதே இடம் அதையும் அதே விதமாகத் திரிக்கும். ஒரே கருத்துடைய கூட்டத்துக்குள் இருப்பவருக்கு இன்னும் நூறு செய்தித்தாள்கள் கொடுத்தாலும் அவர் கொண்ட கருத்தே வலுப்படுவதை நாம் தினமும் பார்க்கிறோம்.

சரி, பேஸ் ட்ராப் என்ன செய்கிறது? செய்முறை எளிது. ரீப்பர் கட்டையில் 2 அடிக்கு 4 அடிச் சட்டம். அதற்குள் கன மீட்டருக்கு 48 கிலோ அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட அடர்த்தியுள்ள ராக்வூல் பலகை, நான்கங்குலத் தடிமன். மேலே காடாத் துணி. துணியில் வாய்வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும், அதுதான் சோதனை. நார் தோலை அரிக்கும், மூச்சிலும் போகும். ஆகவே கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். பஞ்சின் நுண்ணிய இழைகளுக்கிடையே காற்று அசைந்து உராயும்போது ஒலியின் ஆற்றல் வெப்பமாகிறது, அளக்க அரிதான சிறு வெப்பம். ஆனால் காற்று அசைந்தால்தானே உராய்வு? சுவரை ஒட்டிய இடத்தில் அழுத்தம் உச்சம், அசைவு பூஜ்யம். அசைவு உச்சமாவது சுவரிலிருந்து கால் அலைநீளத்தில். 57 ஹெர்ட்ஸுக்கு அது ஐந்தடி. பத்தடி அறையில் ஐந்தடிப் பஞ்சை யாரும் வைக்க முடியாது. அதனால்தான் மூலை. இரண்டடிப் பலகையை மூலைக்குக் குறுக்கே சாய்த்து நிறுத்தினால் அதன் நடுவுக்குப் பின்னால் ஓரடிக் காற்று கிடைக்கிறது. அதோடு, நீளத்தில் ஓடும் அலையும் அகலத்தில் ஓடும் அலையும் அழுத்தம் குவிப்பது மூலையில்தான். ஒரே பலகை இரண்டையும் பிடிக்கிறது. சுவர் கூரையைச் சந்திக்கும் விளிம்பிலும் வைத்தால் உயரத்தின் அலையும் சேரும்.

முட்டை அட்டைகளையும் ஓரங்குல ஃபோமையும் சுவர் முழுக்க ஒட்டுவது பரவலாக நடக்கும் தவறு, இதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. 1000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 34 சென்டிமீட்டர். மெல்லிய ஃபோம் அதற்கும் மேலுள்ள கூரிய ஒலிகளைத்தான் பிடிக்கும். முட்டை அட்டை அந்த அளவுக்குக்கூடப் பயன்படாது. கைதட்டினால் சுவர்களுக்கிடையே படபடக்கும் எதிரொலி காதுக்குத் தெரிகிறது. ஆகவே அதற்கு மருந்து போடுகிறார்கள். மேல் ஒலிகள் மங்கிவிட, தொடப்படாத தாழ்ந்த சுரங்களின் முழக்கம் முன்னைவிடத் தூக்கலாக நிற்கிறது. தன்னைக் காட்டும் குறையைச் சரிசெய்துவிட்டு, தன்னைக் காட்டாத குறைக்கு முழு ஆட்சியைக் கொடுத்துவிடுகிறோம். தனி மனிதர்கள் தம்மைத் திருத்திக்கொள்வதிலும் நிறுவனங்கள் தம்மைத் தூய்மைப்படுத்திக்கொள்வதிலும் இதே வரிசைதான் நடக்கிறது என்று நான் நினைக்கிறேன். வெளியே தெரியும் பிழைகள் போனபின் மிஞ்சியிருக்கும் சாய்வு மேலும் அதிகாரத்தோடு பேசுகிறது. ஏனென்றால் அதைச் சந்தேகிக்கக் காரணம் எதுவும் கண்ணில் படுவதில்லை.

நல்ல அடர்த்தியுள்ள நான்கோ எட்டோ பேஸ் ட்ராப்கள் வைத்தபின் அளவெடுத்தால், 47-உம் 57-உம் மறைந்துபோயிருக்காது. சுவர்கள் இருக்கும்வரை அவை இருக்கும். மேடு தாழ்ந்து அகன்றிருக்கும், பள்ளத்தின் ஆழம் குறைந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுரம் நின்றபின் அறை நீட்டிக்கொண்டிருந்த நேரம் குறைந்திருக்கும். வாசித்தவர் தந்தியை அமுக்கி ஒலியை நிறுத்தினால் அது நிற்கிறது. ஒலியின் உண்மையில் அது எங்கே முடிகிறது என்பதும் அடங்கும் என்பதை இதுபோலக் காட்டுவது வேறொன்றில்லை. தாளம் முழுவதும் அந்த முடிவுகளால் ஆனது. பேஸ் ட்ராப் பாட்டோடு எதையும் சேர்ப்பதில்லை, எதிர் ஒலி எழுப்பி எதையும் வெல்வதுமில்லை. வந்ததை ஏற்று அடங்கவிடுகிறது. சித்தாந்தமும் ஆணவ மலம் அழியும் என்று சொல்லவில்லை. அது அநாதி, முத்தியிலும் அதன் இருப்பு போகாது, அதன் ஆற்றல்தான் மடங்கும் என்பது அந்த நெறியின் நிலை. தீமை ஒருநாள் வேரோடு போய்விடும் என்று வாக்களிக்கும் கொள்கைகளைவிட இது எனக்கு நேர்மையாகப் படுகிறது. சுவரில்லாத அறை இல்லை, சாய்வில்லாத அறிபவன் இல்லை. சாய்வின் பலத்தை மட்டும் குறைக்கலாம், அதுவே பெரிய காரியம்.

இங்கே இசைவாணர்கள் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு வரும். ஒலியை நீட்டும் இடங்கள்தாமே மனிதனின் பேரிசைகளை வளர்த்தன? கல் மண்டபத்தில் நாதஸ்வரமும், உயர்ந்த தேவாலயங்களில் கூட்டுப் பாடலும் அந்த இடத்தின் கார்வையோடு சேர்ந்தே உருவாயின. அதையெல்லாம் பஞ்சால் அடைத்துவிடலாமா? கூடாது. ஆனால் பெரிய மண்டபமும் படுக்கையறையும் ஒரே காரியத்தைச் செய்யவில்லை. அறையின் கன அளவு கூடக் கூட அதன் ஒத்ததிர்வுகள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எந்த அதிர்வெண்ணுக்கு மேல் இந்தக் கலப்பு நிகழ்கிறது என்பதற்கு இயற்பியலாளர் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1954-இல் கணக்குத் தந்தார். பெரிய மண்டபங்களில் அந்த எல்லை நாம் பாடும் சுரங்களுக்கெல்லாம் கீழே போய்விடுகிறது. சிறிய அறையில் 200 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கிறது. ஆகவே மண்டபம் எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ ஒரே தாராளத்தோடு நீட்டுகிறது. படுக்கையறை மூன்று, நான்கு சுரங்களைப் பிடித்துவைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுகிறது. மண்டபத்தின் கார்வை பாடகருக்குத் தெரியும். அதை எதிர்பார்த்து அவர் பாடுகிறார், கேட்பவரும் அதை மண்டபத்தின் கார்வையாகவே கேட்கிறார். அது தன்னைக் காட்டும் வகை. பேஸ் ட்ராப்புக்கு எதிரி கார்வை அல்ல, ஒளிந்துநிற்கும் ஓரவஞ்சனை.

இதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. எந்த ஒலியும் ஏதோ ஓர் இடத்தில்தான் கேட்கப்படுகிறது. இடமில்லாத உண்மை ஒலி என்று ஒன்று இருந்தால்தானே இடத்தின் பிழை என்று பேச முடியும்? இந்தியத் தருக்க மரபினரான நியாய வைசேடிகர் ஒருபடி மேலே போய், செவி என்ற புலனே காதின் குழிக்குள் அடைபட்ட ஆகாயம்தான் என்றார்கள். அவர்கள் கணக்கில் கேட்பது என்பதே ஒரு சிற்றறைக்குள் நிகழ்வது. சுவரே இல்லாத நிலைக்கு மிக நெருங்கி வருவது எதிரொலியற்ற ஆய்வுக்கூடம். இசையமைப்பாளர் ஜான் கேஜ் ஹார்வர்டிலிருந்த அப்படியோர் அறைக்குள் சென்று, அங்கேயும் உயர்ந்த ஒலி ஒன்றும் தாழ்ந்த ஒலி ஒன்றும் கேட்டதாகச் சொன்னார், இரண்டும் தம் உடலின் ஒலிகள் என்று. அந்த அறையில் யாரும் பாட்டை மிக்சிங் செய்வதில்லை. அது உண்மையான ஒலியின் வீடாக யாருக்கும் தோன்றியதுமில்லை. பதிவுகளை ஸ்பீக்கரைக் கொண்டு மதிப்பிடுகிறோம், ஸ்பீக்கரைப் பதிவுகளைக் கொண்டு மதிப்பிடுகிறோம் என்ற சுழலை ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் எடுத்துக்காட்டியிருக்கிறார். இவை அத்தனையையும் ஏற்றுக்கொண்டாலும் மறுப்பாளர் வந்தடையும் முடிவு கிடைக்காது. எல்லா இடத்துக்கும் சாய்வு உண்டு என்பதிலிருந்து எல்லாச் சாய்வும் சமம் என்பது பிறக்காது. 57 ஹெர்ட்ஸை மட்டும் தூக்கி நிறுத்தும் அறையும் அதைப் பக்கத்துச் சுரங்களோடு ஒத்து ஒலிக்கவிடும் அறையும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை அளக்க இடமற்ற ஒலி ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஓர் அறையில் சமமாக ஒலித்தது வேறு அறைகளிலும் சமமாக ஒலிக்கிறதா என்று பார்த்தால் போதும். முழு உண்மை எட்டாது என்பதைச் சாக்காக வைத்து நம் மூலைகளை அப்படியே விட்டுவிடுவது தத்துவமல்ல, சோம்பல்.

கடைசியாகச் சித்தாந்திகளே எழுப்பக்கூடிய கேள்வி. ஆணவம் திருவருளால் அடங்குவது. ராக்வூலாலும் ஆணியாலும் ஆகும் காரியத்தை அதோடு ஒப்பிடலாமா? விடுதலையைப் பொறுத்தவரை ஒப்பிடக் கூடாது. நான் ஒப்பிடுவது மறைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும். ஆனால் அந்த நெறியிலேயே சரியை என்ற முதற்படி உடம்பால் செய்யும் பணிதான்: கோயிலைப் பெருக்குதல், மெழுகுதல், பூக்கட்டுதல். திருநாவுக்கரசர் கையில் இருந்தது உழவாரப் படை. அதைக்கொண்டு அவர் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். அருள் வரும் இடத்தைத் துப்புரவாக வைப்பது மனிதன் கையில் இருக்கிறது என்ற எண்ணம் அதில் உண்டு. கேட்கும் இடத்தைக் கேட்பதற்குத் தகுதியாக்குவதும் அந்த இனத்து வேலை. அதற்குப் பெரிய மேதைமை வேண்டாம், ரம்பமும் பொறுமையும் போதும். கேட்கப்படுபவர்மீது கொஞ்சம் மரியாதையும் வேண்டும். அவர் வாசித்ததை அவர் வாசித்தபடி பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அந்த மரியாதையிலிருந்துதான் வருகிறது.

ஆகவே உங்கள் அறையும் பன்னிரண்டுக்குப் பத்தாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். 57 ஹெர்ட்ஸ் ஒலியை ஸ்பீக்கரில் மெல்ல ஒலிக்கவிட்டு, அறை நடுவிலிருந்து மூலைவரை நடந்து பாருங்கள். ஒரே ஒலி எங்கே தேய்கிறது, எங்கே வீங்குகிறது என்று உங்கள் காதே சொல்லும். பிறகு மைக் வைத்து அளவெடுத்துத் தாளில் குறித்துவையுங்கள். புது ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் நான்கு பேஸ் ட்ராப் செய்து மூலைக்கொன்றாக நிறுத்தி, மறுபடியும் அளவெடுங்கள். அதுவரை அந்த அறையில் கேட்டதை வைத்துக்கொண்டு எவருடைய வாசிப்பையும் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.